ஜாப் ஒர்க்கிலிருந்து சொந்தப் பெயருக்கு: கொங்குச் சிறுதொழிலும் இணைய வீடியோவும்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், துடியலூரையும் நரசிம்மநாயக்கன்பாளையத்தையும் அடுத்து வரும் பெரியநாயக்கன்பாளையம், தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தாலும், 1962-இல் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்னும் நூற்பாலை இயந்திர நிறுவனத்தாலும் வெளியூராருக்கு அறிமுகமான ஊராகும். இவ்விரு பெயர்களின் நிழலில், பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் வட்டாரம் முழுவதும் இயங்கிவருகின்றன. அவற்றுள் மிகப்பல 'ஜாப் ஒர்க்' முறையைச் சார்ந்தவை. அதாவது, பெரிய நிறுவனம் வரைபடத்தையும் மூலப்பொருளையும் கொடுக்க, கடைசல், துளையிடல், மெருகேற்றல் போன்ற ஒரு பகுதி வேலையை மட்டும் செய்து தந்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவை. இம்முறை ஏராளமான குடும்பங்களை வாழவைத்தது என்பதில் ஐயமில்லை. எனினும், பொருளைச் செய்தவரின் பெயர் அதை வாங்குபவருக்கு ஒருநாளும் தெரியவராது என்பதும், நூற்பாலைத் தொழில் மந்தமாகி மேலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டால், வேறு வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கும் வழியில்லாமல் எந்திரம் நின்றுபோகும் என்பதும் அதன் மறுபக்கமாகும்.

சந்தைக்குத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சிறுதொழில் முனைவோருக்கு முன்பும் வழிகள் இருந்தன. பம்புசெட் நிறுவனங்கள் ஊர் ஊராகச் சுவர் விளம்பரம் எழுதின. கிரைண்டர் நிறுவனங்கள் டீலர்களுக்குக் கமிஷன் கொடுத்துக் கடைகளில் பொருளை வைத்தன. 1969-இல் அமைந்த கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா நடத்தும் கண்காட்சிகளில் ஸ்டால் எடுத்து வெளிமாநில வாடிக்கையாளரைச் சந்தித்தவர்களும் உண்டு. இவை அனைத்துக்கும் முன்பணம் வேண்டும். நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தச் செலவு எட்டாது. இணைய வீடியோவும் சமூக ஊடகங்களும் இந்த இடத்தில்தான் பொருட்படுத்தத்தக்கவை ஆகின்றன. இவற்றின் முதன்மையான பயன் ஒரே நாளில் விற்பனையைப் பெருக்குவதில் இல்லை. செய்பவரின் கைவேலையை வாங்குபவரின் கண்முன் நேரடியாக நிறுத்தி, பட்டறைக்குச் சொந்தமாக ஒரு பெயரை ஈட்டித் தருவதில் இருக்கிறது.

இந்த வாய்ப்பு உருவான காலவரிசையைச் சுருக்கமாகக் காணலாம். யூடியூப் 2005-இலேயே தொடங்கிவிட்டபோதிலும், 2016 செப்டம்பரில் ஜியோ சேவை வந்து டேட்டாவின் விலை சரிந்த பிறகே கைபேசியில் வீடியோ பார்ப்பது தமிழகச் சிற்றூர்களில் அன்றாடப் பழக்கமாயிற்று. 2018-இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ், கடைக்கென்று தனிக் கணக்கும், பின்னர் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிக் காட்டும் 'கேட்லாக்' என்னும் வசதியும் தந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடைசெய்ய, அடுத்த சில மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' என்றும் யூடியூப் 'ஷார்ட்ஸ்' என்றும் குறுவீடியோ வடிவங்களை இந்தியாவில் அறிமுகப்படுத்தின.

இந்த வாய்ப்பைக் கொங்குப் பகுதியில் முதலில் நன்கு பயன்படுத்திக்கொண்டவர்கள் சேலை விற்பவர்கள் எனலாம். சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையும், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக எளிதில் சென்றடையத்தக்க சிறுமுகையும் இதற்குத் தக்க சான்றுகளாகும். ஒருகாலத்தில் இவ்வூர்ச் சேலைகள் மொத்த வியாபாரியின் கைக்குப் போய், பெருநகரக் கடையின் பெயரைச் சுமந்து விற்பனையாயின. இன்று உற்பத்தி நடக்கும் ஊரிலிருந்தே வீடியோ எடுத்து, "ஒரு சேலை வேண்டுமானாலும் கொரியரில் அனுப்பப்படும்" என்று அறிவித்து விற்கும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. சிறுமுகையின் கைத்தறி மென்பட்டை, அதாவது சாஃப்ட் சில்க் எனப்படும் சேலையை, சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் அவ்வூரின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்.

இத்தகைய சேலை வீடியோ ஒன்றின் அமைப்பை உற்றுநோக்கினால், அதன் பின்னுள்ள வணிக அறிவு புலப்படும். விற்பவர் முதலில் சேலையின் உடலை விரித்துக் காட்டி, கரையின் அகலத்தை விரலால் அளந்து, முந்தியை முழுவதும் விரித்துப் பிடித்து, பிளவுஸ் பிட் எந்த நிறத்தில் வருகிறது என்பதைத் தனியே எடுத்துக் காட்டுகிறார். பின்பு சேலையைத் திருப்பி அதன் உட்புறத்தையும் காட்டுகிறார். நூல் தொங்குகிறதா, வேலைப்பாடு உறுத்துமா என்பதைக் கடையில் சேலை எடுக்கும் பெண்கள் முதலில் பார்ப்பது அங்கேதான் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண் உண்டு. பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இருப்பு உண்டா என்று பதில் வருகிறது. ஜிபேயில் பணம் செலுத்தியதும் கொரியர் எண் வந்துசேர்கிறது. பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் வீடியோ எடுத்திருந்தால்தான் குறையிருந்தால் மாற்றித் தரப்படும் என்னும் நிபந்தனையும் பரவலாக உள்ளது. சந்தையின் நடைமுறையிலிருந்து தானாக உருவான இந்த ஏற்பாடு, விற்பவர் வாங்குபவர் இருவரையும் ஏமாற்றத்திலிருந்து ஓரளவு காக்கிறது என்ற வகையில் பாராட்டத்தக்கது. விளக்கொளியில் நிறம் மாறித் தெரிவதால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே படமெடுப்பவர்களும், மூலைக் குறையுள்ள சேலையை அக்குறையைக் காட்டியே விலை குறைத்து விற்பவர்களும் நெடுநாள் வாடிக்கையாளரைப் பெறுகின்றனர்.

துணிக்குப் பொருந்தும் இம்முறை எந்திரத்துக்கும் பொருந்துமா என்ற வினா கோவை வட்டாரத்தில் இயல்பாகவே எழும். இதற்கு விடை தேடுகையில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிளெண்ட்டெக் என்னும் மிக்சி நிறுவனத்தின் வரலாறு பயன்படும். வலுவான மிக்சியைச் செய்தும் பெரிய பெயர் பெறாதிருந்த அந்நிறுவனத்தில், உரிமையாளர் டாம் டிக்சன் தம் மிக்சிகளின் திறனைச் சோதிக்க மரக்கட்டை முதலியவற்றை அவற்றில் போட்டு அரைக்கும் வழக்கம் உடையவராயிருந்தார். இதைக் கண்ட விளம்பர அலுவலர் ஜார்ஜ் ரைட், 2006-இல் ஏறத்தாழ 50 டாலர் மட்டுமே செலவிட்டு, கோலிக்குண்டு உள்ளிட்ட பொருள்களை மிக்சியில் போட்டு அரைத்துப் பொடியாக்கும் குறும்படங்களை எடுத்து இணையத்தில் ஏற்றினார். ஒரு வாரத்துக்குள் பல லட்சம் பேர் அவற்றைப் பார்த்தனர். வீட்டு மிக்சி விற்பனை அடுத்த ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்தது. அவ்வீடியோக்களில் நடிகர் இல்லை. தொழிற்கூடத்துக்குள் அன்றாடம் நடந்த சோதனையே வெளியே காட்டப்பட்டது. பட்டறைக்காரர் தமக்குப் பழகிப்போனது என்று பொருட்படுத்தாமல் விடும் வேலை, வெளியார்க்கு வியப்பும் நம்பிக்கையும் தருவதாக இருக்கலாம் என்பதே இந்த நிகழ்வின் பாடம்.

கோயம்புத்தூருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கைவசம் உள்ளது. 1955-இல் பி. சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெட் கிரைண்டர், இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயரில் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் தனித்தன்மை அது பிறந்த ஊரோடு பிணைந்தது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு, பெற்ற பொருளாகும். இதை வாங்க நினைக்கும் இல்லத்தரசி மோட்டாரின் திறனை வாட் கணக்கில் கேட்பதற்கு முன், ஒரு டம்ளர் உளுந்து போட்டால் மாவு எவ்வளவு காணும் என்றுதான் கேட்பார். விளம்பரப் படத்தின் புன்னகை இக்கேள்விக்கு விடை தராது. உளுந்தை அளந்து ஊறவைப்பது முதல், கல் சுற்றச்சுற்றத் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டு, மாவு பொங்கி வருவதைக் காட்டி, ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டு அது மிதப்பதையும் காட்டி, இறுதியில் அதே டம்ளரால் மாவை அளந்து முடிக்கும் வீடியோ விடை தரும். கல்லை எப்படிக் கழற்றிக் கழுவுவது, பெல்ட் தேய்ந்தால் எப்படி மாற்றுவது, கல்லை எப்போது கொத்த வேண்டும் என்பவற்றுக்கும் தனித்தனியே வீடியோ இருந்தால், அவை வாங்கியவருக்குச் சேவையாகவும் வாங்கப்போகிறவருக்கு உறுதிமொழியாகவும் அமையும்.

இவ்விடத்தில் யூடியூபுக்கும் ரீல்ஸ் போன்ற குறுவீடியோக்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்வது அவசியம். யூடியூப் பார்க்கும் இடம் மட்டுமன்று, தேடும் இடமும் ஆகும். பெல்ட் அறுந்த கிரைண்டரோடு நிற்பவர் அங்குத்தான் கேள்வியைத் தட்டச்சு செய்கிறார், அல்லது மைக்கைத் தொட்டுப் பேசுகிறார். எனவே தலைப்பு வாடிக்கையாளர் கேட்கும் சொற்களிலேயே அமைந்திருந்தால், அவ்வீடியோ ஆண்டுகள் கழிந்தும் ஆள்களைக் கொண்டுவந்து சேர்க்கும். குறுவீடியோவோ தேடாதவர் கண்ணிலும் படும். ஆனால் சில நாள்களில் மறைந்துபோகும். அறிமுகத்துக்குக் குறுவீடியோ, விளக்கத்துக்கு நீள்வீடியோ, பேரத்துக்கு வாட்ஸ்அப் என்று மூன்றையும் பிரித்துக் கையாள்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஜாப் ஒர்க் பட்டறைக்கும் இது பொருந்தும். எந்த அளவு வரை கடைசல் செய்ய இயலும், எந்த உலோகத்தில் பழக்கம் உண்டு, எத்தனை உருப்படி முதல் ஆர்டர் ஏற்கப்படும் என்பவற்றைச் சொல்லி, எந்திரம் ஓடுவதைக் காட்டும் வீடியோவைப் பார்ப்பவர் நூறு பேரே ஆனாலும், அவர்களுள் ஒருவர் ஓசூரிலோ புனேயிலோ உள்ள கொள்முதல் அலுவலராக இருந்தால் அதுவே போதும். தம்மிடம் ஆர்டர் தரும் நிறுவனத்தின் வரைபடமோ உதிரிபாகமோ அவர்களின் இசைவின்றிப் படத்தில் விழக்கூடாது என்பதை மட்டும் பட்டறைக்காரர் மறக்கலாகாது.

எந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் கணினி விதிமுறைத் தொகுப்பை 'அல்காரிதம்' என்கின்றனர். இதை வெல்லும் உபாயங்களைச் சொல்லித்தருவதாகக் கூறிப் பணம் பெறுபவர் பலர் உள்ளதால், இதன் அடிப்படையைச் சிறுதொழில் செய்பவர் தாமே அறிந்திருத்தல் நன்று. யூடியூப் 2012-இல் வெறும் பார்வை எண்ணிக்கைக்குப் பதிலாக, பார்வையாளர் எவ்வளவு நேரம் விலகாமல் பார்க்கிறார் என்பதற்கு முதன்மை தரும் வகையில் தன் முறையை மாற்றியது. ஆகவே, முதல் அரை நிமிடத்தை வணக்கத்துக்கும் சானல் அறிமுகத்துக்கும் செலவிடும் வீடியோ பின்தங்குகிறது. பொருளைக் கையில் எடுத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கும் வீடியோ முந்துகிறது. விலைக்கு வாங்கிய பார்வைகளாலும் ஃபாலோயர்களாலும் பயன் ஏதுமில்லை, ஏனெனில் அவர்கள் பார்ப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கப்பட்ட வில்லேஜ் குக்கிங் சானல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சானல் ஆயிற்று. கோவையிலிருந்து கொங்குத் தமிழிலேயே பேசி உலகத் தமிழரைக் கவர்ந்த நக்கலைட்ஸ் என்னும் நகைச்சுவை வீடியோக் குழுவும் யாவரும் அறிந்ததே. ஸ்டூடியோவும் மேடைத் தமிழும் இல்லாமலே மக்களைச் சென்றடையலாம் என்பதை இவை ஐயமற நிறுவின. கேமராவைக் கண்டதும் தம் ஊர்ப் பேச்சை மறைத்துக்கொள்ளும் வியாபாரிகளுக்கு இது பெரும் ஊக்கமாகும். ஆயினும் இவர்களுக்கு வீடியோவே தொழில். பட்டறைக்கு வீடியோ தொழிலின் வாசல். விளம்பர வருவாயில் பங்கு பெற யூடியூப் கேட்கும் 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்னும் இலக்கைத் துரத்தத் தொடங்கும் கிரைண்டர் வியாபாரி, சில மாதங்களில் கிரைண்டரை விட்டுவிட்டு வேடிக்கை வீடியோ எடுப்பவராகிவிடுகிறார். வாரத்துக்கு எத்தனை விசாரிப்பு வந்தது, அவற்றுள் எத்தனை விற்பனையாயிற்று, வாங்கியவர் யாரைப் பரிந்துரைத்து அனுப்பினார் என்னும் மூன்று கணக்குகளே அவருக்குப் போதுமானவை.

மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மசாலாப்பொடி முதலிய உணவுப் பொருள்கள் இவ்வட்டாரத்திலிருந்து இணையம் வழியாகப் பெருமளவில் விற்பனையாகின்றன. இவற்றில் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். வீட்டுச் சமையலறையில் தயாரித்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைப் பெற்று, அதற்குரிய 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் வராது என்று வீடியோவில் மருந்துபோலப் பேசி விற்பது தவறான விளம்பரமாகும். இத்தகைய நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமும் தடைசெய்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும். தம்மைப் பின்தொடரும் கூட்டத்தின் நம்பிக்கையால் பொருளை வாங்கவைக்கும் 'இன்ஃப்ளுயன்சர்'கள், பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை நெறிமுறை வெளியிட்டது. விலையைச் சொல்லாமல் "டி.எம். பண்ணுங்க" என்று தனிச்செய்திக்கு அழைக்கும் வழக்கமும் கைவிடத்தக்கது; 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், வரி முதலிய அனைத்தும் சேர்ந்த முழு விலையையும் விற்பவரின் பெயர் முகவரியையும் காட்டச் சொல்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும், ஆளுக்கொரு விலை சொல்லப்படுகிறதோ என்ற ஐயத்தை எழுப்பும் கடையில் மறுமுறை யாரும் வாங்கமாட்டார்கள்.

வரி தொடர்பாகப் பலர் அறியாமல் சிக்கிக்கொள்ளும் ஓரிடம் உண்டு. உள்ளூரில் விற்கும்வரை விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாத சிறு வியாபாரி, வீடியோவைப் பார்த்துப் பெங்களூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ ஒருவர் பொருள் கேட்டதும் மகிழ்ந்து அனுப்பிவிடுகிறார். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, விற்றுமுதல் எவ்வளவு சிறியதாயினும் பதிவு பெற வேண்டும் என்பது பொது விதி. பாலக்காடு கோவைக்கு அண்டை ஊரே ஆனாலும் வரிக்கணக்கில் அது வேறு மாநிலம். ஆதலால் கொரியர் பை கட்டுவதற்கு முன் ஒரு தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிவது நலம்.

திரைப்பாடலைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு வீடியோ போடுவதும் வணிகக் கணக்குகளுக்குப் பதிப்புரிமைச் சிக்கலைக் கொண்டுவரும். பட்டறை வீடியோவுக்குப் பாட்டு தேவையும் இல்லை. எந்திரத்தின் ஓசை சீராக இருக்கிறதா என்பதைக் கேட்டே தரத்தை மதிப்பிடும் வாடிக்கையாளர் பலர் உள்ளனர்.

எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் நிறுத்த வேண்டிய ஒன்று, இத்தளங்கள் எவையும் வியாபாரிக்குச் சொந்தமானவை அல்ல என்பதாகும். யூடியூப் சானலும் இன்ஸ்டாகிராம் பக்கமும் வாடகைக் கடையைப் போன்றவை. உரிமையாளர் விதியை மாற்றலாம், முன்னறிவிப்பின்றிப் பூட்டலாம், திருடர் உள்ளே புகுந்து கணக்கைக் கைப்பற்றலாம். டிக்டாக் தடையானபோது அதில் பல லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அனைவரையும் இழந்தனர். எனவே, வாங்கியவரின் பெயர், தொலைபேசி எண், வாங்கிய பொருள், தேதி ஆகியவற்றை அவர் இசைவோடு ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதிவைப்பது எந்த வீடியோவைவிடவும் மதிப்புள்ள சொத்தாகும். கூகுள் வரைபடத்தில் பட்டறையின் இடம், வேலை நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் பிடியில் சிக்காமல், எந்தச் செயலி வழியாகவும் எந்தக் கடையின் பொருளையும் வாங்க வகைசெய்யும் நோக்கோடு அரசு ஆதரவில் உருவான ஓ.என்.டி.சி. என்னும் திறந்த மின்வணிக வலையமைப்பு, 2022-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்ட ஐந்து நகரங்களுள் கோயம்புத்தூரும் ஒன்று என்பது இவ்வட்டாரத்தார் கவனிக்க வேண்டிய செய்தி.

செலவென்று பார்த்தால், கையிலுள்ள கைபேசியும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டாண்டும், சட்டையில் மாட்டும் மைக்கும் தொடக்கத்துக்குப் போதும். அரிதாக இருப்பது நேரமும் ஒழுங்குமே. வீடியோவைப் பார்த்து வரும் கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் சொல்ல ஒருவர் இல்லையெனில், படமெடுத்த உழைப்பெல்லாம் வீணாகும். பல குடும்பங்களில் இப்பொறுப்பைக் கல்லூரி முடித்த மகளோ மருமகளோ ஏற்று நடத்துவதைக் காணலாம். அவர்கள் செய்வது பொழுதுபோக்கு அன்று, விற்பனைப் பிரிவின் முழுநேர வேலை என்பதை உணர்ந்து, அதற்குரிய பங்கையும் ஊதியத்தையும் குடும்பம் வழங்குவதே நியாயம்.

பெரியநாயக்கன்பாளையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பாலிடெக்னிக்கிலும் கலைக் கல்லூரியிலும் பயிலும் மாணவர் பலரின் வீட்டிலேயே லேத்தோ தறியோ செக்கோ இருக்கிறது. அவர்கள் தம் பெற்றோர் செய்யும் வேலையை நல்ல வெளிச்சத்தில், தெளிவான பேச்சோடு, மிகையின்றிப் படமெடுத்து, முடிவில் பட்டறையின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டும் ஒரே ஒரு வீடியோவையாவது இந்த ஆண்டுக்குள் வெளியிட வேண்டும். தொழில் சங்கங்களும் கல்லூரிகளும் அதற்கான பயிற்சியை விடுமுறை நாள்களில் நடத்தித் தர முன்வர வேண்டும்.